ஒரே பெயரில் இரண்டு கோடுகள்

1

போன வருஷம் நான் அனுப்பிய போட்டோவுக்குச் சட்டம் போட்டு ஊர்ச் சங்கத்தில் மாட்டியிருப்பதாகத் தம்பி மகன் எழுதியிருந்தான். கம்ப்யூட்டர் முன்னால் நான் உட்கார்ந்திருக்கும் படம். வலது கை மௌஸின்மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கீழே, 'மலேசியாவில் கம்ப்யூட்டர் தொழில் நடத்தும் நம்மூர்க்காரர்' என்று யாரோ அழகான எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம்.

அந்தக் கம்ப்யூட்டர் என்னுடையது இல்லை. என் மகள் இந்திராணியுடையது. எந்தப் பட்டனைத் தட்டினால் அது எரியும் என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, பக்கத்து பேக்கரிக்காரரைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்ட படம் அது.

நான் கடல் தாண்டி வந்து நாற்பது வருஷம் ஆனதற்காகச் சங்க மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்தில் பிழை இருக்கும், திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது. நான் எப்படி வளர்ந்தேன் என்ற கதையைத்தான் எதிர்பார்ப்பீர்கள். அதுவும் வரும். அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஆனால் உட்கார்ந்தது வேறொன்றைச் சொல்ல. பெற்ற மகள்மேல் எனக்கு வந்த பொறாமையை.

2

லாபு தோட்டத்துக்கு வந்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. சித்தப்பாவோடு கப்பலில் வந்தேன். மூன்று வருஷம் பால்மரம் வெட்டினேன், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். பிறகு எஞ்சின் கொட்டகையில் எண்ணெய் துடைக்கிற வேலை. ஒரு நாள் கிராணி வீட்டு ரேடியோ நின்றுபோனது. தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவைத்தான் இங்கே கிராணி என்போம். டவுனில் கொடுத்துச் சரிபண்ணிக்கொண்டு வரச் சொல்லி என் தலையில் ஏற்றிவிட்டார். நான் டவுனுக்குப் போகவில்லை. கொட்டகைக்குள் கொண்டுபோய்த் திறந்தேன். உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. இரும்புக் கம்பியைக் காய்ச்சி ஈயத்தை உருக்கி ஒட்டினேன். பாடிவிட்டது.

அதற்குப் பிறகு எவனும் என்னை எண்ணெய் துடைக்கச் சொல்லவில்லை. ரேடியோ, கோயில் திருவிழாவுக்குக் கட்டும் ஸ்பீக்கர், படம் காட்டும் மெஷின், எல்லாவற்றையும் பிரித்தேன், எல்லாவற்றையும் பூட்டினேன். எவன் முன்னாலும் கை கட்டி நின்று கற்றுக்கொண்டதில்லை. எழுபதுகளின் நடுவில் மந்தினில் சொந்தக் கடை போட்டேன். தோட்டத்தில் என்னோடு மரம் வெட்டியவர்கள் கடை வாசலில் நின்று பெயர்ப் பலகையைப் படித்துவிட்டுப் போவார்கள். பார்க்காத மாதிரி உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் பெரிய வேலை போர்டு வரைவது. ஒரு பக்கம் செம்புத் தகடு ஒட்டிய பலகை இருக்கும். எந்தச் சாமானின் கால் எதோடு சேர வேண்டுமோ, மின்சாரம் போகும் அந்த வழியை மட்டும் வைத்துக்கொண்டு மீதிச் செம்பைக் கரைத்துவிட வேண்டும். வைத்துக்கொள்ளும் வழியின்மேல் நெயில் பாலிஷ் தீட்டிவிட்டுப் பலகையை மருந்துத் தண்ணீரில் போட்டால், தீட்டிய இடம் தப்பிக்கும், மீதி கரைந்து ஓடும். மெல்லிய பிரஷ்ஷால், மூச்சை அடக்கிக்கொண்டு தீட்டுவேன். கை ஆடினால் அரை நாள் வேலை போச்சு.

சிரம்பான் பாசாரில் வளையல் கடை வைத்திருந்த அம்மாள் ஒரு தடவை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, வாரா வாரம் நாலு பாட்டில் வாங்குறீங்க. வீட்ல எத்தன பொம்பளைங்க?"

"ஒருத்திதான்."

"அந்தம்மாவுக்கு எத்தன கை?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. அந்த நெயில் பாலிஷில் தீட்டிய போர்டுதான் ஏழு தோட்டங்களில் விடியற்காலை சைரனை ஊதியது. பெரட்டுக்கு ஆள் கூடியது என் கையால். பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் இடத்தைத்தான் பெரட்டு என்பது. தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர் என் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த காலேஜில் படித்த ஆள் இதை வரைந்தது என்று கிராணியிடம் கேட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். காலேஜாம்!

3

இந்த ஊரில் ஒரே ஒரு தடவைதான் நான் தலைகுனிந்தது. அது கவர்மென்ட் ஆபீஸில்.

எனக்கு இருந்தது சிவப்பு அடையாள கார்டு. இருந்துகொள்ளலாம், ஆனால் இந்த நாட்டுக்காரன் இல்லை என்று அர்த்தம். நீலக் கார்டுக்கு மனு கொடுத்தேன். நிரப்பிக் கொடுத்த பாரம் தப்பு என்றார்கள். வேறு பாரம் கொடுத்தேன். பிறந்த சர்ட்டிபிகேட் எங்கே என்றார்கள். முசிறிப் பக்கம் ஒரு குடிசையில் பிறந்தவனுக்கு எந்த ஆபீசர் சர்ட்டிபிகேட் எழுதினான்? இப்படிச் சில வருஷம் போனது. கடைசியில் மலாய் பேசத் தெரிகிறதா என்று பார்க்கக் கூப்பிட்டார்கள். என்ன வேலை செய்கிறாய் என்று அதிகாரி கேட்டார். விளக்கு, ரேடியோ ரிப்பேர் என்று மலாயில் பதில் சொன்னேன். லம்பு என்றால் விளக்கு. பதற்றத்தில் என் வாயில் வந்தது லெம்பு. லெம்பு என்றால் மாடு.

"மாட்டை ரிப்பேர் பண்ணுகிறாயா?" என்றார் அதிகாரி. கவுண்டரில் இருந்த பெண்கள், வரிசையில் நின்றவர்கள், வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா, எல்லோரும் சிரித்தார்கள். வளையல் கடைச் சிரிப்பு வேறு, இது வேறு. நீலக் கார்டு வர இன்னும் பல வருஷம் ஆனது.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அஞ்சலையிடம் சொன்னேன், பிள்ளைகள் இரண்டு பேரும் மலாய்ப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்று. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி கூப்பிடு தூரத்தில் இருந்தது.

"தமிழ் எழுதப் படிக்கத் தெரியாம போயிடுமே," என்றாள்.

"நான் தமிழ் படிச்சவன்தானே? என்னப் பாத்துச் சிரிச்சான்ல?"

மகன் இப்போது கோலாலம்பூரில் இருக்கிறான். போனில் "அப்பா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்பான். அதற்கு மேல் அவனிடம் தமிழ் இல்லை, என்னிடம் இங்கிலீஷ் இல்லை. இந்திராணி அப்படி இல்லை, வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசுவாள். ஆனால் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. ல, ள, ழ மூன்றும் அவள் வாயில் ஒன்றுதான். காதிலும் ஒன்றுதான். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் நடந்தது இதனால்தான்.

4

அவள் பாலிடெக்னிக் முடித்துச் செனவாங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பாக்டரியில் சேர்ந்தாள். வேலையே போர்டு வரைவதுதான், கம்ப்யூட்டரில். பாக்டரி கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து என் கடையில் வைத்தாள். எங்கே வைத்தாள் தெரியுமா? நான் போர்டு தீட்டும் மேசையில்.

"இந்த மேசதான்பா ஆடாம இருக்கு," என்றாள்.

ஆடாமல் இருக்க நான் போட்ட ஆணி அது. என் பிரஷ்களை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கவுண்டருக்குப் போனேன்.

அந்தக் கம்ப்யூட்டர் வேலை செய்யும் விதத்தை நானும் பார்க்காத மாதிரி பார்ப்பேன். முதலில் சர்க்கியூட்டை வரைவாள். எந்தச் சாமான் எதோடு சேர வேண்டும் என்ற படம் மட்டும்தான் அது, அளவு கிடையாது. பிறகு ஏதோ தட்டினால் அத்தனை சாமானும் போர்டின்மேல் வந்து விழும், காலுக்குக் கால் மெல்லிய கோடுகள் நூல் சிக்கின மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடும். அவள் ஒவ்வொரு சாமானாக இழுத்து நகர்த்துவாள். சிக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். அதற்குப் பிறகு ஒரு பட்டன். அவள் எழுந்து மைலோ கலக்கப் போய்விடுவாள். திரும்பி வருவதற்குள் சிவப்பும் நீலமுமாக வழிகள் எல்லாம் ரப்பர் நிரை மாதிரி நேராக ஓடி முடிந்திருக்கும். சிவப்பு மேல் பக்கம், நீலம் கீழ்ப் பக்கம். இருபது வருஷத்தில் நான் ஒரு பக்கம்தான் தீட்டியிருக்கிறேன்.

அதைவிட எரிந்தது இன்னொன்று. தப்பாக ஒரு கோடு போட்டால் அவளுக்கு ஒரு பட்டன் இருக்கிறது. தட்டினால் அந்தத் தப்பு நடக்கவே இல்லை. நான் பிளேடால் சுரண்டிச் சுரண்டி விரலில் இரண்டு நகம் வளைந்து போனவன்.

"ஒரே பேருல ரெண்டு கோடு இருந்தா ஒண்ணோட ஒண்ணு சேத்து வரைய வேணாம்பா," என்று ஒரு நாள் காட்டினாள். "ஒண்ணு முதல் பக்கத்துல இருந்தாலும், இன்னொண்ணு அடுத்த பக்கத்துல இருந்தாலும், பேரு ஒண்ணா இருந்தா அதுவே சேத்துக்கும்."

"பேர மட்டும் பாத்தா போதுமா? ஆளப் பாக்காதா?"

"கம்ப்யூட்டர் லா. பேரத்தான் பாக்கும்." லா என்பது இங்கே எந்தப் பேச்சின் முடிவிலும் ஒட்டிக்கொள்ளும், தனி அர்த்தம் கிடையாது.

அவள் பிரின்ட் எடுத்துப் போட்ட தாள்களை, அவள் வேலைக்குப் போனதும், ஸ்கேல் வைத்து அளந்து பார்ப்பேன். எங்கேயாவது ஒரு மயிரளவு கோணியிருக்காதா என்று. கோணவில்லை. ஒரு தாள்கூடக் கோணவில்லை.

கடை முதலாளியை இங்கே தவுக்கே என்று கூப்பிடுவார்கள். சீனர் சொல், எல்லோருக்கும் பொது. எத்தனையோ வருஷமாக என்னைக் கூப்பிட்ட பேர் அது. ஒரு சனிக்கிழமை லாரிக்காரப் பையன் ஒருவன் வந்து என் எதிரில் நின்றுகொண்டு, "அங்கிள், தவுக்கே இல்லையா?" என்றான்.

"நான்தான் தவுக்கே."

"இல்ல அங்கிள், அந்தக் கம்ப்யூட்டர் அக்கா."

உள்ளே அஞ்சலை சிரித்தது கேட்டது. சாப்பிடும்போது சொன்னாள், "ஊருல இருக்குறவன் பொண்ணு பெரிய ஆளானா ஆர்கிட் மால வாங்கிட்டு ஓடுவீங்க. சொந்தப் பொண்ணுன்னா வயிறு எரியுது." சரியாகத்தான் சொன்னாள்.

5

மணியம் லாபு பக்கத்தில் ஒரு பாமாயில் மில்லில் மின்சாரப் பொறுப்பாளர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மில்லில் எது கெட்டாலும் என்னிடம்தான் வருவார். அன்றைக்கும் வந்தார், ஆனால் நேராக இந்திராணி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன்.

"தவுக்கே, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். வெளிச்சம் மறைக்குது லா."

பாய்லரில் தண்ணீர் குறைந்தால் எச்சரிக்கும் பெட்டிகள் பன்னிரண்டு வேண்டும் என்றார். அந்தக் கம்பெனிக்கு நெகிரி மாநிலம் முழுக்க மில்கள். தண்ணீர் முதல் குறிக்குக் கீழே இறங்கினால் விளக்கு எரிய வேண்டும். இரண்டாவது குறிக்கும் கீழே போனால் சைரன் ஊத வேண்டும். ஆள் ஓடி வந்து சைரனை நிறுத்தினாலும் தண்ணீர் ஏறும் வரை விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

"துவான் மொதல்ல தயங்குனாரு," என்றார். மில் மேனேஜரைத்தான் துவான் என்பது. "சின்னப் பொண்ணு, பாய்லர் வேலையான்னாரு. நான்தான் சொல்லி வச்சிருக்கேன். பன்னெண்டும் டெஸ்டுல பாஸாச்சுன்னா, கம்பெனி போர்டு எல்லாம் இனிமே ஒனக்குத்தான் பாப்பா."

அவர் போனதும் இந்திராணி கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினாள். பாக்டரிக்கு ராஜினாமா கடிதம். டைப் அடித்து, தேதி மட்டும் போடாமல் வைத்திருந்தாள்.

"பாஸானா அன்னிக்கே குடுத்துடுவேன்பா. இங்கயே, நம்ம கடையில, என் சொந்த வேல."

"ஆகலன்னா?"

"அந்தத் துவான் மறுபடி ஒரு பொண்ண நம்ப மாட்டாரு. பாக்டரி ஷிப்ட் பஸ்ஸுதான், சாகுற வரைக்கும்."

அந்த மில்லுக்குப் பழைய பெட்டி செய்து கொடுத்தது நான். ஆகவே சர்க்கியூட் என்னிடம் இருந்தது, காலண்டர் தாளின் பின்பக்கத்தில், என் கையால், கோடுகளுக்கெல்லாம் தமிழில் பேர் எழுதி. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசிக்க வேண்டும், அவள் இங்கிலீஷ் எழுத்தில் தட்ட வேண்டும்.

"நம்பர் போட்டுக்கலாமாப்பா?"

"என் சர்க்கியூட்டு. நான் வச்ச பேருதான் இருக்கணும்."

"சரி சரி, சொல்லுங்க தவுக்கே," என்று சிரித்தாள்.

முதல் சனிக்கிழமை முதல் பக்கம். விளக்குக்குப் போகும் கோடு வந்தது. "ஒளி" என்று வாசித்தேன். ஓ, எல், ஐ என்று தட்டினாள். அடுத்த சனிக்கிழமை இரண்டாவது பக்கம். சைரனுக்குப் போகும் கோடு. "ஒலி" என்றேன்.

"அதே ஒலிதானேப்பா?"

"ஒலிதான்."

"போன வாரம் போட்டது, சேம் லைன்தானே?"

அன்றைக்குக் காலையில் மணியம் அவளுக்கு மட்டும் ஒரு டின் பிஸ்கட் கொடுத்து அனுப்பியிருந்தார். நான் அவள் கேட்டதைக் காதில் வாங்கவே இல்லை. "எத்தன தடவ சொல்றது?" என்றேன். அவள் ஓ, எல், ஐ என்று தட்டிவிட்டு அடுத்த கோட்டுக்குப் போனாள்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை பிரின்ட் எடுத்துக் கவுண்டரில் விரித்தாள்.

"நீங்க பாத்து ஓகே சொன்னாத்தான்பா டிஸ்க்க அனுப்புவேன்."

விரலை வைத்து ஒவ்வொரு வழியாகப் போனேன். படம் இங்கிலீஷாக இருந்தாலும் வழி வழிதானே. விளக்கின் காலில் இருந்து கிளம்பினேன். விரல் நேராகப் போய், மூலையில் திரும்பி, சைரனின் காலில் போய் நின்றது. திரும்பவும் போனேன். அங்கேயே போய் நின்றது. இரண்டும் ஒரே வழி.

ஒரு நொடியில் புரிந்துவிட்டது. நான் சொன்னது ஒளியும் ஒலியும். அவள் தட்டியது இரண்டு ஓ எல் ஐ. கம்ப்யூட்டர் பேரைப் பார்த்தது, ஆளைப் பார்க்கவில்லை. இந்தப் பெட்டியில் விளக்கும் சைரனும் சேர்ந்தே வரும். சத்தத்தை நிறுத்தினால் விளக்கும் அணைந்துவிடும். அதற்குப் பிறகு பாய்லர் முன்னால் நிற்பவனுக்குத் தண்ணீர் குறைவது தெரியாது.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. மறைக்காமல் எழுதுகிறேன்.

"என்னப்பா, ஓகேவா?"

"நீ படிச்சவ. நான் என்னத்தச் சொல்றது?"

"அப்பா! ஓகேவா இல்லையா?"

"அனுப்பு," என்றேன்.

கோலாலம்பூரில் போர்டு அடித்துக் கொடுக்கும் இடத்துக்கு அவளே பஸ் ஏறி டிஸ்க்கைக் கொண்டுபோனாள். போர்டு வரப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? "என்ன, பாட்டெல்லாம் முணுமுணுக்கிறீங்க?" என்று அஞ்சலை கேட்டாள். டெஸ்டுக்கு முன்னால் வீட்டிலேயே பிடிபட்டுவிடும், யாருக்கும் ஆபத்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிடிபடும்போது என்ன சொல்ல வேண்டும் என்றும் தயார் செய்து வைத்திருந்தேன். ஒரே ஒரு சொல்தான்.

பச்சைப் பச்சையாகப் பன்னிரண்டு போர்டுகள் வந்தன. முதல் பெட்டியைப் பூட்டி, அதன் ஒயர்களை வாளித் தண்ணீரில் விட்டுச் சோதித்தாள். தண்ணீரைக் கொஞ்சம் இறக்கினாள். விளக்கு எரிந்தது, கூடவே சைரனும் அலறியது. மறுபடி இறக்கினாள். மறுபடியும் அதே. கடை வாசலில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் சர்க்கியூட்டைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள். மறுநாள் மில்லில் டெஸ்ட்.

"குடு இங்க," என்றேன்.

பிளேடை எடுத்தேன். அந்த ஒரு வழியை மூலையில் வெட்டினேன். ஒரு சின்ன ஒயரைச் சைரனின் சரியான காலுக்கு ஒட்டினேன். இரண்டு நிமிஷம். தண்ணீரை இறக்கினாள். விளக்கு மட்டும் எரிந்தது. இன்னும் இறக்கினாள். சைரன்.

"எப்படிப்பா? பாத்த ஒடனே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அனுபவம்," என்றேன்.

தயாராக வைத்திருந்த சொல் அதுதான். மீதிப் பதினொன்றையும் நானே வெட்டி ஒட்டினேன். அவள் பக்கத்தில் நின்று ஒயர் எடுத்துக் கொடுத்தாள்.

7

மில்லில் பன்னிரண்டும் தேறின. துவான் கறாரான மலாய்க்காரர். ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லிப் போர்டைத் திருப்பிப் பார்த்தார். வெட்டும் ஒயரும் தெரிந்தன. அடுத்ததையும் திறந்தார். அதிலும் அதே. இது என்ன என்று கேட்டார். மணியத்துக்கு ஒரே பெருமை.

"பாப்பா கொஞ்சம் தப்பு பண்ணிடுச்சு துவான். தவுக்கே பாத்த ஒடனே புடிச்சிட்டாரு. பழைய கை லா!" என்று மலாயில் சொன்னார்.

துவான் தலையை ஆட்டினார். அப்படியானால் வேலையை இவர் பேரில் கொடுக்கிறேன், மகள் இவருக்கு உதவியாக வரைந்து கொடுக்கட்டும், பொறுப்பு இவருடையது என்றார். நான் நாற்பது வருஷத்தில் கேட்டதிலேயே பெரிய வார்த்தை. என் கனவில்கூட இவ்வளவு சரியாக வந்ததில்லை.

இந்திராணி, "யா, துவான்" என்றாள். பிறகு, எனக்கு இன்னும் கை வரவில்லை, அப்பாதான் சரி என்று அவரிடம் மலாயில் சொன்னாள். அழவில்லை. என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள். பையைத் திறந்து அந்தக் கவரை எடுத்து இரண்டாகக் கிழித்து மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள். துவானுக்கு அது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும்.

அவள் தோற்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். ஆனால் அவள் தன்னையே நம்பாமல் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டும் ஒன்றா வேறா என்று அதுவரை யோசித்ததும் இல்லை.

"துவான், டியா தக் சாலா," என்றேன். லெம்பு ஞாபகத்தில் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எடுத்து வைத்தேன். "சாயா நம்பாக். சாயா டியாம்."

அவள்மேல் தப்பில்லை, நான் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன் என்று அர்த்தம். யாரும் சிரிக்கவில்லை. எப்போது பார்த்தாய் என்று துவான் கேட்டார். போர்டு அடிப்பதற்கு முன்னாலேயே என்றேன். ஏன் சொல்லவில்லை என்றார். அதற்கு மலாயில் சொல் தெரியவில்லை. தமிழில் மணியத்திடம் சொன்னேன்.

"எம் பொண்ணு மேல பொறாமைன்னு சொல்லுங்க."

மணியம் என்னையே பார்த்தார். மொழிபெயர்க்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.

துவான் சத்தம் போடவில்லை. "பாக்சிக், அந்த பாய்லர் முன்னால் என் ஆட்கள் நிற்கிறார்கள்," என்று மட்டும் சொன்னார். வயதானவரை மரியாதையாகக் கூப்பிடும் சொல் பாக்சிக். மரியாதையாகவே என்னை வெளியே அனுப்பினார். இனி இந்த மில்லுக்குள் நான் வரக் கூடாது. புதுப் போர்டை, வெட்டும் ஒயரும் இல்லாமல், மகள் கொண்டுவரட்டும். அவளிடம் நேரடியாகப் பேசிக்கொள்கிறேன் என்றார்.

வேன் வரைக்கும் மணியம் வந்தார். "இத்தன வருஷம் தவுக்கே தவுக்கேன்னு கூப்ட்டேன். இனிமே எனக்கு வாயில வராதுண்ணே," என்றார்.

வேன் மந்தின் எல்லைக்கு வந்தது. இந்திராணி சொன்னாள், "ரெண்டு தடவ கேட்டேன்லப்பா. அதே லைனான்னு ரெண்டு தடவ கேட்டேன்." கடைக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் தட்டினாள், இரண்டு கோட்டின் பேரையும் அழித்தாள். ஒன்றுக்கு லம்பு என்றும் இன்னொன்றுக்கு சைரன் என்றும் பேர் வைத்தாள். நான் தடுக்கவில்லை. புதுக் கவரில் புதுக் கடிதத்தைத் தேதி போட்டே டைப் அடித்தாள்.

8

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளுக்கு இன்னும் கார் லைசென்ஸ் எடுக்க நேரம் கிடைக்கவில்லை. மாதம் ஒரு தடவை நான்தான் வேனில் மில்லுக்குக் கூட்டிப் போகிறேன். பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிவந்த லாரிகளுக்குப் பின்னால், கேட்டுக்கு வெளியே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே அவள் பெட்டியைத் திறப்பதும் துவான் குனிந்து பார்ப்பதும் கண் முன்னால் ஓடும். நான் பூட்டிய பழைய பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொண்டு வருகிறாள். எது எந்த வருஷம் செய்தது என்று பார்த்ததுமே சொல்லிவிடுவேன். அவள் கேட்பதில்லை.

உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குத் துடிக்கும். அவள் சொல்ல மாட்டாள். எனக்குக் கொடுக்கும் தண்டனை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன மாதம் தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"அப்பா மேல இன்னும் கோவமாம்மா?"

பைலிலிருந்து தலையைத் தூக்காமல், "எதுக்குப்பா?" என்றாள்.

நடிப்பு இல்லை. அவள் முகம் எனக்குத் தெரியும். நான் செய்ததை நினைவில் வைத்திருக்கக்கூட நேரமில்லாத அளவுக்கு அவளுக்கு வேலை. சொன்னால் சிரிப்பீர்கள், அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

வேனில் ஏறியதுமே முழங்கால்மேல் தாளை வைத்து அடுத்த போர்டைப் பென்சிலால் வரைய ஆரம்பித்துவிடுவாள். லாபு ரோடு லாரி ஓடி ஓடி ஒரே பள்ளம். மந்தின் வரைக்கும் அவள் பென்சில் ஆடாமல் ஓட்டப் பழகிக்கொண்டேன்.